மூன்றாவது கம்பம்

மேட்டு ரோடும் கடை ரோடும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில், மருந்துக் கடைக்கு அடுத்த கதவு தையல் கடை. பத்தடிக்கு எட்டடி. ஜன்னலுக்குக் கீழே மெஷின், சுவரோடு துணி அடுக்கும் பலகை, வாசலில் வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. மெஷினில் உட்கார்ந்திருப்பவளை ஊரே தையலக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

குனிந்த தலை நிமிராமல் தெருவை முழுசாகத் தெரிந்துவைத்திருந்தாள் அவள். பால் வண்டியின் கிலுகிலுப்பு, பள்ளி வேனின் கதவு இழுபடும் சத்தம், எதிர்க்கடைக்காரர் ஷட்டரோடு செய்யும் சண்டை, எல்லாம் காதுக்குப் பழக்கம். எதற்கும் கால் நிற்காது. தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டால் மட்டும் கால் தானாக மெஷின் மிதியைவிட்டு எழும்பிக்கொள்ளும்.

அதற்குக் காரணம் இருந்தது. மேட்டு ரோட்டின் உச்சியில் பழைய தீயணைப்பு நிலையம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் அவள் புருஷன். கடை ரோட்டின் மறுகோடியில், ஒன்பது மாதத்துக்கு முன்னால் திறந்த புது நிலையம். அங்கே டிரைவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவன் அவளோடு கூடப்பிறந்த தம்பி. ஊர் ஒருவரைப் பெரிய டிரைவர் என்றது, மற்றவனைச் சின்ன டிரைவர் என்றது.

ஆற்றோரம் வரிசையாகக் கிடங்குகள். பஞ்சு, பலகை, பெயின்ட், பழைய டயர். ஊரில் தீப்பிடிக்கக்கூடியதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தது போல இருக்கும். அங்கே தீ என்றால் இரண்டு நிலையங்களுக்கும் மணி அடிக்கும். பெரிய டிரைவர் மேட்டிலிருந்து நேராக இறங்கி, சந்தியைத் தாண்டி, சந்துக்குள் புகுந்து போவார். சின்ன டிரைவர் கடை ரோட்டோடு வந்து, அதே சந்தியைக் குறுக்கே தாண்டி, பாலத்தடியில் திரும்புவான். என் வழிதான் குறுக்கு வழி என்று இருவரும் சாதிப்பார்கள்.

முதலில் போய்ச் சேருகிற வண்டிக்குத்தான் தீயின் முன்னால் நிற்கும் உரிமை. அவர்கள் குழாயை விரித்து முனையைப் பிடித்துவிட்டால், பிறகு வருகிற வண்டி பின்னால் நின்று தன் தண்ணீரை அவர்கள் வண்டிக்குக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டாவதாகப் போனவர்களைத் 'தண்ணிவண்டி' என்பார்கள். ஒரு வாரத்துக்கு அந்தப் பேர் போகாது. தேநீர்க் கடையில்கூட, "தண்ணிவண்டி வந்திருக்கு, ஒரு டம்ளர் வாங்கிக்கங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன டிரைவருக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. புது நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை எடுத்திருந்தான். ஆறு நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு, ஏழாம் நாள் அக்கா வறுத்த மீனைக் கண்டால் பேச்சும் கூடும்.

"மாமா, வியாழக்கிழமை எத்தன மணிக்கு வந்து சேந்தீங்க? நாங்க பாதித் தீய அணச்சுட்டு உங்களுக்காக உக்காந்திருந்தோம்."

"நீ எங்க அணச்ச? உன் மூஞ்சியப் பாத்துட்டு அதுவா அவிஞ்சுது."

"எதுவா வேணா இருக்கட்டும். தண்ணி நல்லா இருந்துச்சு மாமா. சில்லுனு இருந்துச்சு."

பெரிய டிரைவர் மீனில் முள் எடுத்தபடி, "மாப்ள, போன மாசம் ரெண்டு தடவ நான் உன் தண்ணிய வாங்கினேன். நான் வாயத் தொறந்தேனா?" என்றார்.

"வாயத் தொறக்கல. உங்க நிலையத்து வாசல்ல போர்டு எழுதி வச்சீங்க."

தையலக்காவும் சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிப் பாவாடை ஒன்றுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மேட்டு ரோட்டில் சைரன் கேட்டது, கால் எழும்பியது. புருஷனின் வண்டி சந்தியைக் கடந்து சந்துக்குள் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நல்லபடியாகப் போனார் என்று காலை மிதியில் வைத்தாள். ஊசி ஓடியது. சைரன் இன்னும் குறையவில்லையே என்று மனசு நினைப்பதற்குள், தம்பியின் வண்டி அதே சந்தியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கிழித்துக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் குனிந்து துணியைப் பார்த்தாள். இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தையல் விழுந்திருந்தது. அதற்கப்புறம் நூல் கோணிக்கொண்டு போயிருந்தது.

அன்று சாயங்காலமே தம்பியை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். இருவரும் மேஜையில் உட்கார்ந்ததும் பாவாடைத் துணியை நடுவில் விரித்தாள்.

"நீங்க சந்தியத் தாண்டினப்போ ஊசி இங்க இருந்துச்சு. இவன் தாண்டினப்போ இங்க."

சின்ன டிரைவர் சிரித்தான். "என்னக்கா, டேப்பு வச்சு அளந்தியா?"

"அளந்தேன். ரெண்டு விரக்கட. இது இல்லன்னா இந்நேரம் இந்த மேஜையில நான் மட்டுந்தான் உக்காந்திருப்பேன்."

சிரிப்பு அடங்கியது. பெரிய டிரைவர் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஏதோ துணியில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறவர் போல. "எனக்கு வேற சைரன் எதுவும் கேக்கலையே" என்றார்.

"தலைக்கு மேலயே ஒண்ணு அலறிக்கிட்டிருந்தா எப்படிக் கேக்கும்?" என்றாள் தையலக்கா.

"எனக்குக் கேட்டுச்சு" என்றான் தம்பி, மெதுவாக. "ஆனா சந்தி மூலையில புதுசா கட்டுனானே, அந்தக் கண்ணாடிக் கடை, அது நம்ம சத்தத்தையே திருப்பி நம்ம மேல அடிக்குங்கா. என்னோடதுதான் திரும்பி வருதுன்னு நெனச்சேன்."

மருந்துக் கடைக்கு எதிர்மூலையில் நாலு மாடி நாற்காலி மேஜைக் கடை. அதன் கண்ணாடி முகப்பு மேட்டு ரோட்டை மறைத்தது, கடை ரோட்டையும் மறைத்தது. அங்கிருந்து வருகிறவருக்கு இங்கிருந்து வருகிறவன் தெரியமாட்டான். தெரிந்தது சத்தம் ஒன்றுதான். அதையும் ஒருவர் கேட்கவில்லை, மற்றவன் கேட்டும் நம்பவில்லை.

பெரிய டிரைவர் உப்பு டப்பாவை இழுத்து நடுவில் வைத்தார். தீப்பெட்டியை அதை நோக்கி நகர்த்தினார். அவருக்கு மனசு கலங்கினால் வேலையை விளக்க ஆரம்பித்துவிடுவார்.

"இது என் வண்டி. நாலாயிரத்தைந்நூறு லிட்டர் தண்ணி. ஆறு ஆளு. இறக்கத்துல அறுபதுல வருது. பிரேக்க மிதிச்சா எங்க நிக்கும்? மிதிச்ச எடத்துல நிக்காது. ரெண்டு விளக்குக் கம்பம் வேணும். மழையா இருந்தா மூணு. நின்னுட்டா மறுபடி அந்தக் கனத்தக் கிளப்பி வேகம் புடிக்க இன்னும் அவ்வளவு நேரம் ஆகும்."

"அப்ப ரெண்டு கம்பத்துக்கு முன்னாடியே மிதிங்களேன்" என்றாள்.

"சட்டமும் அதான் சொல்லுது. சந்தின்னா நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போணும், சைரன் இருந்தாலும் சரி. எங்க வாசல்ல எழுதி மாட்டியிருக்கு."

"நிக்கிறீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். "இருபத்திரெண்டு வருஷத்துல என் வண்டில ஒரு கீறல் கெடயாது."

"நான் அதக் கேக்கல."

"வேகத்தக் கொறப்பேன். கொறக்காம எப்படி?"

அது உண்மை. இரண்டாவது கம்பத்துக்கு வரும்போது அவருடைய வண்டி ஒரு தடவை புஸ்ஸென்று காற்று விடும். பிரேக்கைத் தொட்டுவிடுவதன் சத்தம். அவளும் தினம் கேட்கிறதுதான். ஆனால் தொடுவது வேறு, நிற்பது வேறு.

கை கழுவும் இடத்தில் தம்பியைத் தனியாகப் பிடித்தாள்.

"நீ நின்னுடு."

"நான் எதுக்கு நிக்கணும்? சட்டம் பேசுறவரு நிக்கட்டும்."

"அவரு நிக்க மாட்டாருடா. இத்தன வருஷம் கழிச்சு உனக்கு வழிவிட்டாருன்னு பேராயிடும். நீ சின்னவன். உனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

"என் கூட இருக்கறவனுங்க என்னக் காய்ச்சி எடுத்துடுவானுங்க."

"எடுக்கட்டும்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை. "சரி. நிக்கிறேன். உனக்காக. ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத."

அவள் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படுக்கப் போகும்போது புருஷனிடம் சொன்னாள். "தம்பி சந்தியில நிக்கிறேன்னுட்டான். நீங்க பயப்படாமப் போங்க."

அவர் தோள் இறங்கியது இருட்டிலும் அவளுக்குத் தெரிந்தது. அவளும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதற்கப்புறம் வந்த மூன்று அழைப்பிலும் சந்தியில் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்து, அக்காவின் ஜன்னலைப் பார்த்து ஒரு கண்ணையும் சிமிட்டிவிட்டுப் போனான். மூன்று தடவையும் அவன்தான் தண்ணிவண்டி. பெரிய டிரைவர் ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தார்.

ஒன்று மட்டும் அவளை அரித்தது. அது என்னவென்று பிடிபட நாலைந்து நாள் ஆனது. ஒரு பகல் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது மேட்டு ரோட்டில் சைரன் இறங்கி வந்தது, சந்தியைக் கடந்தது, போனது. அவள் ஊசியைப் பிடித்தபடியே இருந்தாள். புஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. இரண்டாவது கம்பத்தில் வரவில்லை. அதற்கு முன்னாலும் வரவில்லை. பயப்படாமல் போங்க என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவர் பயப்படாமல் போய்க்கொண்டிருந்தார்.

இன்றைக்குச் சொல்லுவோம், ஞாயிற்றுக்கிழமை சொல்லுவோம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சொன்னால் என்ன சொல்வது? கொஞ்சம் பயந்து போங்க என்றா?

ஒரு நாள் மழை பிடித்தது. கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. விடிந்ததிலிருந்து சல்லடையில் சலிக்கிற மாதிரி விழுந்து, ரோட்டை மினுக்கி வைத்திருந்தது. பதினொரு மணி வாக்கில் கடை வாசலில் ஒரு வாடகை வண்டி நின்றது. தம்பி ஒற்றைக் காலில் இறங்கினான். மற்ற கால் கணுக்கால்வரை கட்டுப் போட்டு வீங்கியிருந்தது.

"என்னடா இது?"

"சத்தம் போடாத. முந்தாநாள் வண்டி கழுவும்போது படியில வழுக்கிட்டேன். எலும்பு ஒண்ணும் இல்ல. வெறும் சுளுக்கு." முக்காலியில் உட்கார்ந்து காலைத் துணிப் பலகையில் நீட்டினான். "எரியற கூர மேல ஏறி நின்னவன், சோப்புத் தண்ணில வுழுந்தேன்னு வெளிய சொல்ல முடியுமா? மாமாகிட்ட சொல்லிடாத. ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாரு."

"சாப்பிட்டியா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டே பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். அவன் ரூம் கதவு சரியாகச் சாத்துவதில்லை, மேலதிகாரி குறட்டை விடுகிறார் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

மேட்டின் உச்சியில் சைரன் எழுந்தது. கால் மிதியைவிட்டு எழும்பியது.

"மாமா கெளம்பிட்டாரு" என்றான் தம்பி, ரொட்டியை மென்றபடி. பிறகு மெல்லுவதை நிறுத்தினான். கடை ரோட்டின் கோடியில் இன்னொன்று எழுந்தது. ஆற்றோரம், கூரைகளுக்கு மேல், மழையிலும் கரையாத ஒரு கறுப்புப் புகை.

"உன் வண்டிய இப்ப யாரு ஓட்டறா?"

"ஜெட்டு."

ஜெட்டு புது நிலையத்தின் மூன்றாவது டிரைவர். அந்தப் பேர் எதனால் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவன் சந்தியில நிப்பானா?"

தம்பி அவளைப் பார்த்தான். "அவனுக்கு எப்படிக்கா தெரியும்? நான் நிக்கிறேன்னே யாருகிட்டயும் சொல்லலையே."

அவன் போனை எடுத்தான். மாமாவுக்குப் போட்டுப் பயனில்லை. வண்டி ஏறும்போது போனை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார், அதில் அவரை அசைக்க முடியாது. தன் நிலையத்துக்கே போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. "எடுங்கடா" என்றான். எழுந்து நிற்கப் பார்த்து, கட்டுப் போட்ட காலை ஊன்றி, அப்படியே பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டிய அங்குஸ்தான், கையில் ஒரு கை மட்டும் வைத்த சட்டை. சந்தியில் நின்று கையைக் காட்டலாம் என்றுதான் முதலில் ஓடினாள். அங்கே போனதும் உப்பு டப்பாவும் தீப்பெட்டியும் ஞாபகம் வந்தன. மிதித்த இடத்தில் நிற்காது. சந்தியில் அவளைப் பார்த்து அவர் மிதித்தால், அவளையும் தாண்டி நடுச்சந்திக்குத்தான் வண்டி வந்து நிற்கும். மேட்டைப் பார்த்து ஓடினாள். முதல் கம்பம். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. இரண்டாவது கம்பம். மூச்சு மேலே ஏறி அடைத்தது. மழையாக இருந்தால் மூன்று.

மூன்றாவது கம்பத்தில் ரோட்டின் நடுவில் போய் நின்றாள். வளைவில் சிவப்பு வண்டி திரும்பியது. இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் பார்த்த வண்டிதான், நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். சத்தம் காதை நிறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

புஸ்ஸென்று காற்று பிரிந்தது. சக்கரங்கள் சுழல்வது நின்றது, வண்டி நிற்கவில்லை. ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் ஓரத்துக்குத் தாவினாள். ஒரு முழம் தள்ளி அது அவளைக் கடந்து, இரண்டாவது கம்பத்தையும் முதல் கம்பத்தையும் கடந்து, சந்தியின் வெள்ளைக் கோட்டில் முன்சக்கரம் ஏறி நின்றது. உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் மோதும் ஓசை வண்டியை ஆட்டியது.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். பெரிய டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அவர் கத்தியது சைரனில் கேட்கவில்லை. கத்துவது அவளுக்குக் கேட்க வேண்டும் என்று கையை உள்ளே விட்டு சைரனை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

அவர் பொத்தானைப் பார்த்தார். பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியும் எட்டிப் பார்த்தார். இருவரும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் மூக்குக்கு முன்னால், கடை ரோட்டிலிருந்து இன்னொரு சிவப்பு வண்டி சந்தியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. ஓட்டினவன் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெறித்த சேறு பெரிய டிரைவரின் முன்கண்ணாடி முழுக்க விழுந்தது.

வைப்பர் ஒரு தடவை போய்வந்தது.

"எடுய்யா" என்றார் அதிகாரி, குரல் ஒரு மாதிரி இருந்தது. "எரியுதில்ல."

அன்றைக்குப் பஞ்சுக் கிடங்கின் கூரை போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய டிரைவர் இரண்டாவதாகப் போய்த் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் வந்தவர் பூட்ஸைக் கழற்றாமலே மேஜையில் உட்கார்ந்தார். தம்பி அங்கேதான் இருந்தான், காலை நாற்காலியில் நீட்டி. காலைக் கீழே எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பார்த்தான்.

"கால் எப்படி?" என்றார் அவர்.

"பரவால்ல மாமா."

"என்ன ஆச்சு?"

"சோப்புத் தண்ணில வழுக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். கிண்டல் வரும் என்று காத்திருந்தவனுக்கு அது வராதது தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்ள, நீ நிக்கறதும் நிக்காததும் உன் இஷ்டம். எங்கிட்ட இனிமே அதச் சொல்லாத. நீங்களும் சொல்லாதீங்கம்மா" என்று மனைவியிடம் திரும்பினார். கோபத்திலும் கலக்கத்திலும்தான் அவளை அவர் நீங்க என்பது. பிறகு கேட்டார்: "எத்தனாவது கம்பத்துல நின்ன?"

"மூணாவதுல."

"மழைன்னு கணக்குப் போட்டு வந்தியா?"

"நீங்கதான சொன்னீங்க."

அவர் உப்பு டப்பாவை எடுத்து, பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "உன்ன நான் நாலாவது கம்பத்துலயே பாத்துட்டேன். அங்கயே மிதிச்சேன். டயரு தேஞ்சிருக்கு. மூணு பத்தாது."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் மேட்டு ரோட்டில் சைரன் இறங்கி வந்தால், சந்திக்கு முன்னால் அது அணைந்துவிடும். வெள்ளைக் கோட்டில் வண்டி முழுசாக நிற்கும். அவர் ஜன்னலை இறக்கி, சத்தமில்லாத சந்தியைக் காது கொடுத்துக் கேட்பார். இரண்டு மூச்சு நேரம். பிறகுதான் சைரனைப் போட்டுக் கிளப்புவார். அவர் நிலையத்துக்குத் தண்ணிவண்டி என்ற பேர் நிலைத்தேவிட்டது. கூட வருகிறவர்கள் இரண்டு பேர் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டிருப்பதாகக் கேள்வி. புது நிலையத்தில் கால் சரியானதும் தம்பியும் அதேபோல அணைத்து நிறுத்தித்தான் போகிறான். மற்ற இருவரிடமும் சொல்லிப் பார்த்தான். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தையலக்காவுக்கு இப்போது ஜன்னலைப் பார்க்கத் தேவையில்லை. கடை ரோட்டுச் சத்தம் நடுவில் அணைந்தால் வண்டியில் தம்பி. அணையாவிட்டால் வேறு யாரோ.

நேற்று மதியம் இரண்டும் ஒன்றாக எழுந்தன. அவள் கால் எழும்பி நின்றது. மேட்டு ரோட்டில் சைரன் இறங்கி வந்து, புஸ்ஸென்று காற்று பிரிந்து, அணைந்தது. அவள் மற்றதற்காகக் காத்திருந்தாள். அது நெருங்கியது. இன்னும் நெருங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர, அணையாமலே சந்தியைத் தாண்டிப் போனது.

இரண்டு மூச்சு. அப்புறம் மேட்டு ரோட்டு சைரன் மறுபடி எழுந்து, மெல்லச் சந்தியைக் கடந்தது. அது சந்துக்குள் தேய்ந்து மறைகிறவரை இருந்துவிட்டு, அவள் காலை மிதியில் வைத்தாள்.